மார்பிள்தானா? ஒரு சொட்டு வினிகர் விட்டுப் பாருங்கள்

கடைக்காரர் மார்பிள் என்று கொடுத்த கல்லைச் சோதிக்கச் சமையலறை வினிகர் போதும். அதில் 4–5 சதவீதம் அசிட்டிக் அமிலம் இருக்கிறது. கழிவறை ஆசிட் பாட்டிலைத் தொடவே வேண்டாம். பிளீச்சிங் பவுடரோடு அது சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும்.

பதித்த தரையில் சோதித்தால் பளபளப்பு போய்விடும். உடைந்த சில்லு ஒன்றை எடுத்து, கழுவி, நன்றாகக் காயவிடுங்கள். முதல் சொட்டு வெறும் தண்ணீராக இருக்கட்டும். நுண்துளையுள்ள கல்லுக்குள் அடைபட்ட காற்று வெளியேறினாலும் குமிழி வரும். அதை அமிலத்தின் வேலை என்று நம்பி ஏமாறுபவர்கள் நிறையப் பேர்.

பிறகு, கல்லின் ஓரத்தை ஆணியால் கீறி, உதிர்ந்த தூள்மேல் வினிகர் விடுங்கள். கண்ணாடி அணிந்துகொண்டு லென்ஸ் வழியே பாருங்கள். கால்சைட் என்றால் ஊசிமுனை அளவுக் குமிழிகள் வரிசையாக மேலே வரும்: அது கார்பன் டை ஆக்சைடு. அரியலூர்ச் சுண்ணாம்புக்கல், மக்ரானா மார்பிள், ஏன், முட்டை ஓடும் இப்படித்தான். கிரானைட்டும் விட்ரிஃபைடு டைலும் அசையாது.

குமிழி வராவிட்டால் உடனே கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். ராஜஸ்தான் மார்பிள்களில் பல டோலமைட் வகை. அதைப் பொடித்து, வெதுவெதுப்பான வினிகர் ஊற்றிக் காத்திருந்தால்தான் மெல்லக் குமிழும். சேலத்து மேக்னசைட் பார்வைக்குச் சுண்ணாம்பு போல வெளுப்பாக இருக்கும், ஆனால் குளிர்ந்த அமிலத்துக்கு ஏறக்குறைய மசியாது.

இதே வினிகரில் உலோகங்களையும் சோதித்துப் பார்க்கலாம். அவற்றுக்குத் தனித்தனிக் கண்ணாடி டம்ளர் வையுங்கள். மூடாதீர்கள், இங்கே வருவது எரியக்கூடிய ஹைட்ரஜன், பக்கத்தில் அடுப்பும் கூடாது. துத்தநாகம் பூசிய ஜி.ஐ. கம்பியில் கொஞ்ச நேரத்திலேயே குமிழிகள் ஒட்டிக்கொள்ளும். இரும்பு ஆணிக்குப் பல மணி நேரம் ஆகும். அலுமினியத்தை அதன்மேல் இயல்பாகப் படிந்த ஆக்சைடு படலம் காப்பதால் பெரிதாக ஒன்றும் நடக்காது. செம்பில் ஹைட்ரஜன் வரவே வராது. செம்புக் குடத்தைப் புளி பளபளக்கச் செய்கிறதே என்றால், கரைவது மேலே படிந்த கறுப்பு ஆக்சைடுதான்.

செம்புத் துண்டை வினிகரில் நாள்கணக்கில் விட்டால், காற்றும் சேர்ந்து நீர் நீலப்பச்சை ஆகும். அது நஞ்சு. குழந்தைகளுக்கு எட்டாமல் வைத்து, அந்த டம்ளரை மறுபடி குடிக்கப் பயன்படுத்தாதீர்கள்.