‘டேப்’ என்றால் என்ன? பால்மரத்தைக் கேள், தங்கச்சி!

எஸ்.பி.எம். ஆங்கிலத் தாளுக்காக அகராதியை மனப்பாடம் செய்யும் தங்கச்சிக்கு, பீடோங் பக்க ரப்பர் தோட்டத்தில் பிறந்த அக்கா எழுதுவது.

உன் வயதில் ஒரு நேர்முகத்துக்குப் போனேன். “அம்மா மரம் வெட்டுறாங்க” என்று வீட்டில் சொல்வதை அப்படியே ஆங்கிலமாக்கி, ‘கட்ஸ் ட்ரீஸ்’ என்றேன். கேட்டவர், அம்மா காட்டு மரங்களைச் சாய்ப்பவர் என்று நினைத்துக்கொண்டார். பட்டையை மட்டும் சீவி, மரத்தை வாழவைத்தே பால் எடுத்தவர் என் அம்மா. அதைச் சொல்ல எனக்குத் தேவைப்பட்டது ஒரே சொல்: டேப் (tap). அதை நீ முழுசாகக் கற்றுக்கொள்.

1. வேரைப் பிடி. பழைய ஆங்கிலத்தில் இது பீப்பாயின் துளையை அடைக்கும் முளை. முளையைப் பிடுங்கினால் உள்ளே இருப்பது ஒழுகும். தண்ணீர்க் குழாய்க்கும், மரத்தில் பால் எடுப்பதற்கும் இந்தப் பெயர் வந்தது அதனால்தான். ‘டேப்ரூட்’ என்பது நம் ஆணிவேர். அவர்கள் முளை என்றார்கள், நாம் ஆணி என்றோம்.

2. ‘உள்ளே இருப்பதை எடுப்பது’ என்று நினைவில் வை. தொலைபேசியை ‘டேப்’ செய்தால் ஒட்டுக்கேட்பது. ‘டேப் இன்டு’ என்றால் இருக்கும் திறமையையோ வளத்தையோ பயன்படுத்துவது. ‘ஆன் டேப்’ என்றால் கேட்டதும் கிடைக்கும்படி தயாராக இருப்பது.

3. இன்னொரு ‘டேப்’பைக் கலக்காதே. பிரெஞ்சு வழியாக வந்த அது மெதுவாகத் தட்டுவது. தோளில் தட்டுவது, கைப்பேசித் திரையைத் தட்டுவது, சுங்கை பட்டாணி டோலில் டச் என் கோ அட்டையைத் தட்டுவது, காலால் தாளம் தட்டி ஆடும் டேப் டான்ஸ் எல்லாம் இந்தக் குடும்பம். எந்தக் குடும்பம் என்பதைப் பக்கத்துச் சொற்கள் காட்டிவிடும்.

4. வீட்டுப் பேச்சைத் தேர்வில் மாற்று. ‘ஓப்பன் தி பைப்’ வேண்டாம், ‘டர்ன் ஆன் தி டேப்’ என்று எழுது. அமெரிக்கப் படங்களில் வரும் ‘ஃபாசெட்’டும் இதே குழாய்தான்.

5. பால் வெட்டுபவரை ‘டேப்பர்’ என்று எழுதும்போது இரண்டு ‘பி’ போடு. ஒன்றை விட்டால் மெல்லிய மெழுகுவத்தி ஆகிவிடும்.

6. வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுது. விடியுமுன் ஏன் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, போனார்கள்? வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறையும். வெட்டுக்கோடு ஏன் சாய்வாக இருக்கிறது? பால் வழிந்து மங்கில், அதாவது மரத்தில் கட்டிய கோப்பையில், சேர வேண்டும். மரத்தைக் கெடுக்காமல் பால் எடுக்கும் முறையை 1890களில் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவில் அதன் இயக்குநர் ரிட்லி உருவாக்கினார். அந்த முறையை நாள்தோறும் கையில் வைத்திருந்தவர்கள் நம் அம்மாக்கள். இவற்றை ஆங்கிலத்தில் ஐந்து வரி எழுது.

அந்த ஐந்து வரியின் முதல் வரியில் உன் பாட்டியின் வேலை சரியான பெயரோடு இருக்கட்டும். என் அம்மாவுக்கு அன்று நான் அதைச் செய்யவில்லை.