இன்ஷா அல்லாஹ் என்றால் "இல்லை" என்று அர்த்தமா?

அல்ஹம்து லில்லாஹ். வஸ்ஸலாத்து வஸ்ஸலாமு அலா ரசூலில்லாஹ். அம்மா பஃது.



சில வருடங்களுக்கு முன் மக்தபில் ஓதிக்கொண்டிருந்த ஒரு சிறுவனிடம், "யாஸீன் சூராவைப் பார்க்காமல் ஒப்பித்தால் உனக்கு ஒரு பேனா வாங்கித் தருவேன்" என்று சொன்னேன். ஒப்பித்துவிட்டான். அன்று என்னிடம் பேனா இல்லை. "நாளைக்குத் தர்றேன், இன்ஷா அல்லாஹ்" என்றேன். மறுநாள் மறந்துவிட்டேன். அடுத்த நாளும் அதே பதில். இப்படியே இரண்டு வாரம் போனது. ஒருநாள் அவன் கேட்டான்: "அசரத், இன்ஷா அல்லாஹ்னா இல்லைன்னு அர்த்தமா?"

அன்று மாலையே பேனா வாங்கிக் கொடுத்துவிட்டேன். ஆனால் அந்தக் கேள்வி இன்னும் என்னை விட்டுப் போகவில்லை. அல்லாஹ்வின் பெயரைக் கற்றுக்கொள்ள வந்த பிள்ளைக்கு, அந்தப் பெயரைச் சாக்காகப் பயன்படுத்தக் கற்றுக் கொடுத்துவிட்டேன். அல்லாஹ் என்னை மன்னிப்பானாக!

இன்ஷா அல்லாஹ் சொன்னவர் கழுத்தைக் கொடுத்தார்

நாளை இதைச் செய்வேன் என்று சொல்லும்போது அல்லாஹ் நாடினால் என்று சேர்த்துச் சொல்லுமாறு அல்-கஹ்ஃப் சூராவின் 23, 24ஆம் வசனங்களில் அல்லாஹ் கட்டளையிடுகிறான். அந்தச் சொல்லை எப்படிச் சொல்ல வேண்டும் என்பதற்கு இஸ்மாயீல் (அலை) அவர்களைப் பாருங்கள். மகனை அறுப்பதாகக் கனவு கண்டேன் என்று தந்தை சொன்னபோது, அல்லாஹ் நாடினால் என்னைப் பொறுமையாளனாகக் காண்பீர்கள் என்று வாக்களித்தார்கள். பிறகு அந்த வாக்குப்படியே கழுத்தைக் கொடுத்துப் படுத்தார்கள். மர்யம் சூராவின் 54ஆம் வசனத்தில் அல்லாஹ் அவர்களை எப்படி அறிமுகப்படுத்துகிறான்? வாக்குறுதியில் உண்மையானவர் என்று!

அவர்கள் சொன்னதும் இன்ஷா அல்லாஹ்தான். நாம் சொல்வதும் இன்ஷா அல்லாஹ்தான். அவர்கள் செய்யத் துணிந்து சொன்னார்கள். நாம் பல நேரம் தப்பிக்கச் சொல்கிறோம்.

பிள்ளையிடம் சொன்னாலும் வாக்குதான்

அப்துல்லாஹ் இப்னு ஆமிர் (ரலி) அவர்கள் சிறுவராக இருந்தபோது அவர்களுடைய தாயார், "இங்கே வா, உனக்கு ஒன்று தருகிறேன்" என்று அழைத்தார்கள். அங்கிருந்த நபி (ஸல்) அவர்கள், என்ன கொடுக்க நினைத்தாய் என்று கேட்டார்கள். பேரீச்சம்பழம் என்றார் தாய். எதுவும் கொடுக்காமல் இருந்திருந்தால் உன்மீது ஒரு பொய் எழுதப்பட்டிருக்கும் என்றார்கள் நபியவர்கள். (அபூதாவூத்)

நம் ஊர்களில் எத்தனை வாப்பாமார்கள் சபரில் இருக்கிறார்கள்! போனில், "அடுத்த பெருநாளைக்கு வாப்பா வந்துருவேன்" என்கிறோம். லீவு கிடைக்காது என்று நமக்கே தெரியும். அழுகையை நிறுத்தச் சொல்கிறோம். பிள்ளையோ நாளை எண்ணிக்கொண்டிருக்கிறது.

சட்டம் என்ன?

வாக்களித்ததை நிறைவேற்றுவது வலியுறுத்தப்பட்ட சுன்னத், காரணமின்றி விடுவது கடுமையான மக்ரூஹ் என்பது இமாம் ஷாஃபிஈ, இமாம் அபூஹனீஃபா (ரஹ்) உள்ளிட்ட பெரும்பாலான இமாம்களின் கருத்து என்று இமாம் நவவீ (ரஹ்) எழுதுகிறார்கள். உமர் இப்னு அப்துல் அஸீஸ் (ரஹ்) போன்றோர் அது கடமை என்றே சொன்னார்கள். சுன்னத்துதானே என்று இலேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். செய்யப் போவதில்லை என்ற எண்ணத்தோடே வாக்களிப்பது வேறு. அது பொய், நயவஞ்சகனின் அடையாளம். கடனோ கூலியோ என்றால் அது வெறும் வாக்கும் அல்ல, அடுத்தவரின் ஹக்கு.

கடல் கடந்து வந்த கட்டை

நமது கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும். மளிகைக் கடையில், "தடை முடிஞ்சதும் தந்துடுறேன் பாய், இன்ஷா அல்லாஹ்" என்று சொல்லித்தான் பல வீடுகளில் அரிசி வருகிறது. தடை முடிந்து படகு கடலுக்குப் போகிறது. பாடு சரியில்லை. டீசலுக்கே போதவில்லை. கடன்பட்டவர் என்ன செய்கிறார்? கடை இருக்கும் தெருவையே விட்டுவிட்டு அடுத்த தெரு வழியாகப் பள்ளிக்கு வருகிறார். கடைக்காரரும் மொத்த வியாபாரியிடம் ஒரு தேதி சொல்லித்தான் சரக்கு எடுத்திருக்கிறார். ஒருவர் வாக்குத் தவறினால் அவரும் தவற வேண்டியதாகிறது.

புகாரியில் வரும் ஒரு சம்பவம். பனூ இஸ்ராயீலைச் சேர்ந்த ஒருவர் 1000 தீனார் கடன் வாங்கினார். சாட்சி கேட்டபோதும் ஜாமீன் கேட்டபோதும் அல்லாஹ் போதும் என்றார். கடல் கடந்து போனார். தவணை நாள் வந்தது. திரும்பி வரக் கப்பல் கிடைக்கவில்லை. "நான் என்ன செய்ய, அல்லாஹ் நாடவில்லை" என்று அவர் உட்கார்ந்துவிடவில்லை. ஒரு மரக்கட்டையைக் குடைந்து, 1000 தீனாரையும் ஒரு கடிதத்தையும் உள்ளே வைத்து அடைத்தார். யா அல்லாஹ், உன்னை ஜாமீனாக வைத்தேன் என்று துஆ செய்து கடலில் போட்டார். அக்கரையில் கப்பல் வருமா என்று பார்க்க வந்த கடன் கொடுத்தவர், ஒதுங்கிய கட்டையை விறகுக்காக வீட்டுக்கு எடுத்துப் போனார். பிளந்தால் உள்ளே பணம்!

கட்டையைப் போட்டவர் அதோடு நிற்கவில்லை. கப்பலைத் தேடிக்கொண்டே இருந்தார். கிடைத்ததும் இன்னொரு 1000 தீனாரோடு வந்து நின்றார். அல்லாஹ் நீர் அனுப்பியதைச் சேர்த்துவிட்டான் என்று சொல்லி அவரைத் திருப்பி அனுப்பினார் கடன் கொடுத்தவர்.

கடலில் போட்ட பொருள் என்ன ஆகும் என்று நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த மனிதருக்கும் அது தெரியும். அதனால்தான் இரண்டாவது 1000 தீனாரோடு வந்தார். தன்னால் முடிந்த அத்தனையையும் செய்த பிறகுதான் மீதியை அல்லாஹ்விடம் விட்டார். இன்ஷா அல்லாஹ்வின் பொருள் இதுதான்.

இன்றே செய்ய வேண்டியவை

வாக்குக் கொடுக்கும் முன், முடியுமா என்று கணக்குப் பாருங்கள். முடியாது என்றால் மென்மையாக முடியாது என்று சொல்லிவிடுங்கள். அதில் பாவம் இல்லை. கொடுத்ததை எழுதி வையுங்கள். தவணைக்கு முன்பே முடியாது எனத் தெரிந்தால், அவர் தேடி வருவதற்கு முன் நீங்கள் போய் முகம் பார்த்துச் சொல்லுங்கள். 500 ரூபாய் இருந்தால் அந்த 500ஐக் கொடுங்கள். அதுதான் நீங்கள் கடலில் போடும் கட்டை. கடன் கொடுத்தவர்களே, அப்படி வந்து நிற்பவரைக் கூட்டத்தில் வைத்துப் பேசாதீர்கள். கஷ்டத்தில் இருப்பவருக்கு வசதி வரும்வரை அவகாசம் கொடுக்குமாறு அல்-பகரா 280ஆம் வசனத்தில் அல்லாஹ் சொல்கிறான்.

இன்று தொழுகை முடிந்து வெளியே போகும்போது, நாம் இன்ஷா அல்லாஹ் சொல்லி நிறுத்தி வைத்திருக்கும் ஒரே ஒருவரை நினைத்துப் பாருங்கள். முதலில் அவரிடம் போங்கள்.

வல்ல ரஹ்மான் நம் அனைவரையும் சொன்ன சொல்லைக் காப்பாற்றும் மக்களாக ஆக்குவானாக! கடன் சுமையிலிருந்து நம்மைக் காப்பானாக! ஆமீன். வஆகிரு தஃவானா அனில் ஹம்து லில்லாஹி ரப்பில் ஆலமீன்.