சென்சார் எந்த இடத்தைப் பார்க்கிறது?

கீரிப்பாறையைச் சேர்ந்த வாசகர் ஒருவர் வெளியூரில் இயற்கை எரிவாயுக் குழாய்ப் பராமரிப்பு வேலையில் சேர்ந்திருக்கிறார். "எங்கள் லைனில் அரிப்பைக் கண்காணிக்க சென்சார் இருக்கிறது. அளவு எப்போதும் சரியாகவே காட்டுகிறது. அதை நம்பி இருக்கலாமா?" என்று கேட்கிறார்.

நம்பலாம். ஆனால் அது பொருத்தப்பட்ட இடத்துக்கு மட்டும்.

உலர்ந்த எரிவாயு உருக்குக் குழாயை உள்ளே அரிப்பதில்லை. கெடுப்பது கூடவே வரும் நீர். வாயுவில் உள்ள கார்பன் டை ஆக்சைடு அந்த நீரில் கரைந்து கார்பானிக் அமிலமாகிறது. ஹைட்ரஜன் சல்பைடும் சேர்ந்தால் இன்னும் மோசம். இந்த நீர் குழாயின் அடிப்பக்கத்தில்தான் கிடக்கும். பள்ளங்களிலும், மேடு ஏறத் தொடங்கும் வளைவுகளிலும் தேங்கும். கீரிப்பாறையிலிருந்து காளிகேசம் போகும் வழியில் மழை விட்டபின் தண்ணீர் எங்கே நிற்கிறது என்று நீங்கள் பார்த்திருப்பீர்கள். குழாய்க்குள்ளும் அதே கணக்குதான். வாயு வேகமாக ஓடும்வரை நீரைத் தள்ளிக்கொண்டு போகும். ஓட்டம் குறைந்தால் நீர் அங்கேயே தங்கிவிடும்.

2014 ஜூன் 27 அதிகாலை, ஆந்திராவின் கிழக்கு கோதாவரி மாவட்டத்தில் நகரம் என்ற ஊரில் கெயில் நிறுவனக் குழாய் வெடித்து 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். உலர் வாயுவுக்கென்று போட்ட குழாயில் ஈர வாயு போனதும், குழாய் அரிக்கப்பட்டிருந்ததும் விசாரணையில் வெளிவந்தன. 2000 ஆகஸ்ட் 19 அன்று அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில், கார்ல்ஸ்பாட் அருகே 12 பேரைப் பலிகொண்ட விபத்துக்கும் உட்சுவர் அரிப்பே காரணம். அங்கே அரித்த பகுதியில் பிக் (குழாய்க்குள் ஓடித் துப்புரவு செய்யும் கருவி) ஓட்டவே வழியில்லை.

இனி உங்கள் சென்சார். மின்தடை உணரி (ஈ.ஆர். புரோப்) என்றால், அதன் உலோகத் துண்டு தேயத் தேய மின்தடை கூடும், அதிலிருந்து அரிப்பு வேகத்தைக் கணக்கிடுவார்கள். மீயொலி உணரி (அல்ட்ராசோனிக்) குழாய்ச் சுவரின் கனத்தையே அளக்கும். இவற்றோடு கூப்பன் (எடைபோட்டு உள்ளே வைத்து, சில மாதம் கழித்து எடுத்து மறுபடி எடைபோடும் உலோகத் தகடு) இருந்தால் மிக நல்லது. பழைய முறைதான், ஆனால் குழிக்குழியாக அரித்திருப்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். மேல்பக்கம் பொருத்திய புரோப் அடியைத் தொடாவிட்டால் வறண்ட வாயுவைப் பார்த்து "நலம்" என்றுதான் சொல்லும்.

இன்னொரு குழப்பத்தையும் தவிர்த்துவிடுங்கள். கேத்தோடிக் பாதுகாப்பு (சிறு மின்னோட்டத்தால் வெளிப்புறத் துருவைத் தடுப்பது) மைனஸ் 850 மில்லிவோல்ட் அளவைத் தொட்டிருக்கிறது என்பதால் குழாய் முழுக்க நலம் என்று ஆகாது. நம் மலையடிவாரம் போன்ற ஈரச் செம்மண்ணில் அது அவசியம். உட்சுவரைப் பற்றி அது எதுவும் சொல்லாது.

ஆகவே முதலில் லைனின் மேடுபள்ள வரைபடத்தைக் கேட்டு வாங்குங்கள். பள்ளங்களைக் குறித்து, சென்சார்கள் எங்கே இருக்கின்றன என்று ஒப்பிடுங்கள். விடுபட்ட பள்ளங்களை எழுத்தில் மேலதிகாரிக்குத் தெரிவியுங்கள். வாயு லைனுக்குள் நுழையும் இடத்தில் ஈரப்பத அளவு தினமும் பதிவாகிறதா என்று பாருங்கள். என் கருத்தில், நூறு சென்சாரைவிட முக்கியமான எண் அதுதான். பிக் வெளியே தள்ளும் நீரையும் கசடையும் கொட்டிவிடாமல் ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். அந்தக் கறுப்புக் கசடில் இரும்பு சல்பைடு இருந்தால் காற்றுப் பட்டுத் தானாகத் தீப்பற்றக்கூடும், நனைத்தே வையுங்கள்.

ஒருநாள் சென்சார் காட்டும் அளவு திடீரென ஏறினால் பதற வேண்டாம். வெப்பநிலை மாற்றம், பேட்டரி, தளர்ந்த இணைப்பு எல்லாமே அப்படிக் காட்டும். அடுத்தடுத்த அளவுகளும் ஏறிக்கொண்டே போனால் கூப்பனோடு சரிபாருங்கள். அந்த இடத்தைத் தோண்டி மீயொலிக் கருவியால் கனம் அளக்கச் சொல்லுங்கள். சுவர் மெலிந்திருந்தால் அழுத்தத்தைக் குறைத்து, அந்தத் துண்டை மாற்றும்வரை காத்திருப்பதே முறை. சுத்தியலால் தட்டிச் சத்தம் கேட்பதும், பெயின்ட் அடிப்பதும், கசிவின்மேல் கிளாம்ப் போட்டுவிட்டு மறந்துவிடுவதும் வைத்தியம் ஆகாது.

கசிவு இருக்கிறதா என்று மூக்கை நம்பாதீர்கள். இயற்கை எரிவாயுவுக்கு மணமில்லை. மணப்பொருள் கலக்காத பெரிய லைன்கள் உண்டு. சந்தேகம் வந்தால் வண்டி எஞ்சினை இயக்காமல், செல்போனைத் தொடாமல், காற்று வரும் பக்கமாக ஆட்களை விலக்கிவிட்டு, தொலைவில் நின்று கட்டுப்பாட்டு அறைக்குச் சொல்லுங்கள்.