சமரச மேசை: நம்பிக்கைகளும் உண்மைகளும்

சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் 2005 ஏப்ரலில் சமரச மையம் தொடங்கப்பட்டது. இன்று மாவட்டங்களிலும் சமரசர்கள் வழக்காளிகளை உட்கார வைத்துப் பேச வைக்கிறார்கள். அந்த வேலையில் ஒழுங்கு தவறினால் நஷ்டம் வழக்காளிக்குத்தான். அதனால் சில தவறான எண்ணங்களைத் திருத்திக்கொள்ள வேண்டும்.

நம்பிக்கை: சமரசருக்கு இதமாகப் பேசத் தெரிந்தால் போதும்.

உண்மை: போதாது. அண்ணன் தம்பி பாகப்பிரிவினை வழக்கில், பிராதில் நிலம் மட்டுமே இருக்கும். பேச ஆரம்பித்தால் கிணற்றுத் தண்ணீர் முறை, வண்டிப்பாதை, அப்பா பேரில் உள்ள மின் இணைப்பு, அம்மாவின் மருந்துச் செலவு எல்லாம் வரும். ஒவ்வொன்றையும் இருவரும் பார்க்கும்படி பலகையில் எழுத வேண்டும். தன் குறை பலகையில் ஏறியதைப் பார்த்தவர் அதையே திரும்பத் திரும்பச் சொல்லமாட்டார். முடிந்ததை டிக் அடித்துவிட்டு அடுத்ததற்குப் போகலாம்.

நம்பிக்கை: ஒன்றுவிடாமல் எழுதிவைப்பவரே நல்ல சமரசர்.

உண்மை: "கிணற்றை விட்டுக்கொடுக்கிறேன், இப்போதைக்கு அண்ணனிடம் சொல்லாதீங்க" என்று தனி அமர்வில் தம்பி சொன்னால், கூட்டு அமர்வில் அது வாய்தவறியும் வரக்கூடாது. எனவே ஒவ்வொருவருக்கும் தனித்தாள் வைத்து, "இதில் எதைச் சொல்லலாம்?" என்று கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். வேலை முடிந்ததும் தாள்களைக் கிழித்துவிட வேண்டும். பேச்சு முறிந்தால், சமரசம் ஏற்படவில்லை என்று மட்டுமே நீதிமன்றத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என 2010இல் மோதி ராம் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

நம்பிக்கை: கடிகாரம் பார்த்துச் சம நேரம் கொடுப்பதே நடுநிலை.

உண்மை: ஒருவர் பத்து நிமிடத்தில் சொல்லி முடிப்பார், இன்னொருவருக்கு அழுது ஓயவே அவ்வளவு நேரம் ஆகும். சமமாக இருக்க வேண்டியது வாய்ப்பு. ஒருவரோடு தனி அமர்வு நடக்கும்போது வெளியே காத்திருப்பவருக்கு, உள்ளே என்ன பேசுகிறார்களோ என்ற சந்தேகம் வளரும். எவ்வளவு நேரமாகும் என்று அவரிடம் முன்பே சொல்லி, கிணற்றுச் செலவுக் கணக்கைப் போட்டு வைக்கச் சொல்லலாம்.

நம்பிக்கை: ஒத்துக்கொண்டாகிவிட்டது, ஒப்பந்தத்தை அடுத்த வாய்தாவில் எழுதலாம்.

உண்மை: வீட்டுக்குப் போனால் ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள், மனம் மாறிவிடும். அன்றே எழுதி, வாசித்துக் காட்டி, கையெழுத்து வாங்க வேண்டும். யார், எதை, எந்தத் தேதிக்குள் செய்வது, தவறினால் என்ன என்பது சர்வே எண்ணோடு அதில் இருக்க வேண்டும். "விரைவில்" என்று எழுதினால் அதுவே அடுத்த வழக்குக்கு விதை. ஒப்பந்தத்தை ஏற்று நீதிமன்றம் தீர்ப்பாணை வழங்கும். கட்டிய நீதிமன்றக் கட்டணமும் திரும்பக் கிடைக்கும்.

சமரசத்துக்கு அழைக்கப்பட்டவர்கள் தயங்க வேண்டாம். உங்கள் பிரச்சினைகள் எல்லாம் பட்டியலில் ஏறினவா, நீங்கள் தனியாகச் சொன்னது அங்கேயே நிற்குமா, கையெழுத்துப் போடும் தாளில் தேதி இருக்கிறதா என்று சமரசரிடம் நேராகக் கேளுங்கள். நல்ல சமரசர் அதை வரவேற்பார்.