உள்ளே வந்தவரெல்லாம் நம்மவரா? – ஜீரோ டிரஸ்ட் பாதுகாப்பு



வாசலில் காவல் பலமாக இருந்தால் போதும், உள்ளே வந்தவர் நம்ம ஆள். கம்பெனி நெட்வொர்க்குகளின் பழைய பாதுகாப்பு முறை இதுதான். ஃபயர்வால்தான் அந்த வாசல். இதிலுள்ள ஓட்டையை ஓர் உண்மைச் சம்பவம் மூலம் விளக்க விரும்புகிறேன்.

அமெரிக்காவின் டார்கெட் கடைகளில் 2013 இறுதியில் சுமார் 4 கோடி கார்டு எண்கள் திருடு போயின. திருடர்கள் நுழைந்தது, அங்கே குளிர்பதன வேலை பார்த்த ஒரு காண்ட்ராக்ட் கம்பெனியின் பாஸ்வேர்டை வைத்து! பில் அனுப்புவது போன்ற வேலைகளுக்காகக் கொடுத்த அனுமதி அது. அங்கிருந்து கல்லாவில் இருக்கும் மெஷின் வரை போய்விட்டார்கள். 'ஏ.சி.காரருக்குக் கல்லாப் பக்கம் என்னப்பா வேலை?' என்று தடுக்க ஏற்பாடு சரியாக இல்லை.

அந்தக் கேள்வியைக் கேட்பதே ஜீரோ டிரஸ்ட். 2010-ல் ஃபாரஸ்டர் நிறுவனத்தின் ஜான் கிண்டர்வாக் இக்கருத்தை முன்வைத்தார். 2020-ல் அமெரிக்காவின் நிஸ்ட் அமைப்பு, 800-207 என்ற வெளியீட்டில் இதற்கு இலக்கணம் வகுத்தது.

செயல்படுத்தும் முறை:

1. கணக்கெடுப்பு: யார் யார், எந்தக் கம்ப்யூட்டர், எந்தத் தகவல் என்று முதலில் பட்டியல் போட வேண்டும்.

2. இரட்டைச் சோதனை: பாஸ்வேர்டுடன் இன்னொரு அத்தாட்சியும் வேண்டும். அப்போது பாஸ்வேர்டு மட்டும் திருடியவன் உள்ளே வருவது கடினம்.

3. அளவான அனுமதி: வேலைக்குத் தேவையானது மட்டும், வேலை முடிந்தால் ரத்து.

4. தடுப்புச் சுவர்: நெட்வொர்க்கைச் சிறு பகுதிகளாகப் பிரித்தால், ஓர் அறைக்குள் வந்தவன் அடுத்த அறைக்கு எளிதில் போக முடியாது.

5. கண்காணிப்பு: ஒவ்வொரு கோரிக்கையையும் சோதித்துப் பதிவு செய்ய வேண்டும்.

இது ஒரே நாளில் நடக்காது. 2009-ல் தாக்குதலுக்கு உள்ளான கூகுள்கூட இம்முறைக்கு மாறப் பல ஆண்டுகள் எடுத்துக்கொண்டது. பழைய மெஷின்கள் சிலவற்றில் இரட்டைச் சோதனைக்கு வசதியே இருக்காது. எனவே முக்கியமான தகவலில் தொடங்கிப் படிப்படியாகப் போவதே நல்லது.

இது கம்ப்யூட்டர் பிரிவுக்கான பாடம் மட்டுமல்ல. மெக்கானிக்கல், எலெக்ட்ரிக்கல் நண்பர்களே, நாளைக்கு அந்த ஏ.சி. காண்ட்ராக்டரின் ஆளாக ஒரு கம்பெனிக்குள் போகப் போவது நீங்களாகவும் இருக்கலாம். அங்கே மறுபடி மறுபடி அடையாளம் கேட்டால், 'என்னைச் சந்தேகப்படுறீங்களா?' என்று கோபப்பட வேண்டாம். நம் பாஸ்வேர்டு களவு போகும் நாளில், பெரும் பழி நம் தலையில் விழாமல் காப்பது அந்தக் கேள்விதான்!