நீலப்புகை வந்தால் போர் போட்டே ஆகணுமா?

கேள்வி: தாத்தா வாங்கிய 1984 மார்க் 4 அம்பாசடர், பெட்ரோல் வண்டி. 500 கி.மீ. ஓடினால் அரை லிட்டர் ஆயில் குறைகிறது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் கொஞ்ச நேரம் நீலமாகப் புகைகிறது. கொடைக்கானலில் இருந்து இறங்கும்போது வளைவு முடிந்து ஆக்ஸிலரேட்டரை மிதித்தால், பின்னால் வருகிறவருக்கு ரோடே தெரியாது. ஏறும்போது அவ்வளவு இல்லை. "ரிங் போச்சு, போர் போடணும்" என்கிறார் மெக்கானிக். போட்டுவிடலாமா?
- வாசகர், மதுரை

பதில்: அவசரப்படாதீர்கள். ஏற்றத்தில் இல்லாத புகை இறக்கத்தில் வருகிறது என்கிறீர்களே, அதுதான் துப்பு. ரிங் தேய்ந்த வண்டி பொதுவாக இழுக்கும்போதுதான் அதிகம் புகைக்கும். இறக்கத்தில் கியரில் வைத்துக் காலை எடுத்ததும் இன்டேக் மேனிஃபோல்டு பலமாக உறிஞ்சும். வால்வ் கைடு வழியே ஆயில் உள்ளே இறங்கும். மறுபடி மிதிக்கும்போது சேர்ந்ததெல்லாம் ஒன்றாக எரிகிறது. ராத்திரி நிற்கும்போது கைடில் கசிந்ததுதான் காலைப் புகை.

உங்கள் 1489 சி.சி. இன்ஜினில் வால்வ் தண்டில் ஆயிலைத் தடுப்பது ஒரு சின்ன ரப்பர் வளையம், அவ்வளவுதான். சூட்டில் காய்ந்து காய்ந்து விறைத்துப்போகும். பழசைக் கழற்றி நகத்தால் நெருடினால் துண்டு துண்டாக உடையும்.

சந்தேகம் தீர கம்ப்ரஷன் பார்க்கச் சொல்லுங்கள். இன்ஜின் சூடாக இருக்கணும். நான்கு பிளக்கையும் கழற்றி, ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்தபடி செல்ஃப் அடிக்கணும். மிதிக்க மறந்து, குறைவாகக் காட்டுகிறதே என்று போர் போடச் சொல்கிறவர்களும் உண்டு! குறைந்த சிலிண்டரில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். ஏறினால் ரிங் அல்லது போர். ஏறாவிட்டால் வால்வ் அல்லது ஹெட் கேஸ்கெட். ஓடும் இன்ஜினில் ஆயில் மூடியைத் திறந்ததும் குபுகுபுவென்று புகை வந்தாலும் ரிங் பக்கம்தான் பார்க்கணும்.

குறைகிற ஆயில் முழுக்க எரிகிறது என்றும் நினைக்க வேண்டாம். இந்த இன்ஜினில் கிராங்க் ஷாஃப்ட்டின் பின்முனையில் ரப்பர் சீல் கிடையாது. ஆயிலைத் திருப்பியனுப்ப ஒரு மரைதான் உண்டு, அது கசியும். கிளட்ச் ஹவுசிங்குக்குக் கீழே ராத்திரி ஓர் அட்டையைப் போட்டுவையுங்கள்.

கம்ப்ரஷன் சரியாக இருந்தால் முதலில் வளையங்களை மாற்றுங்கள். ஹெட்டைக்கூட இறக்க வேண்டியதில்லை. ஸ்பிரிங்கை அழுத்திய பிறகே வளையத்தைப் போடணும், முன்பே போட்டால் நசுங்கிவிடும். அதற்குப் பிறகும் புகைத்தால் கைடு தேய்ந்திருக்கும், ஹெட் லேத்துக்குப் போகணும். போர் செலவை அதுவரை தள்ளிவையுங்கள். வாரம் ஒருமுறை டிப் ஸ்டிக்கைப் பார்க்க மட்டும் மறக்காதீர்கள்.