தண்ணி இல்லாத போர்வெல்லும் சாதனம் இல்லாத டிரைவரும்

பாலக்கோடு பக்கம் தோட்டம் வைத்திருக்கும் யாரிடமும் கேட்டுப் பாருங்கள், போர்வெல் மோட்டார் எப்படி எரிந்தது என்று. "தண்ணி இல்லாம ஓடிடுச்சு" என்பார்கள். நீர்மட்டம் இறங்கியது மோட்டாருக்குத் தெரியாது. அதைக் குளிர்விக்க வேண்டியதே அந்தத் தண்ணீர்தான். அது இல்லாமல் சுற்றிச் சுற்றிக் காயில் போய்விடும். அதனால்தான் ஸ்டார்ட்டர் பெட்டியிலேயே டிரை ரன் பார்த்து நிறுத்தும் ஏற்பாட்டை வைக்கிறார்கள்.

கணினியின் இயங்குதளத்தில் டிரைவர் எழுதுகிறவருக்கும் இதே கவலை உண்டு, இருந்தாக வேண்டும். தான் ஓட்ட வேண்டிய சாதனம் அங்கே இல்லாவிட்டால் டிரைவர் என்ன செய்யும்? தருமபுரி மாவட்டத்து மாணவர்களோடு உட்கார்ந்து லினக்ஸின் உட்கருவான கெர்னலின் நிரலை வாசிக்கும்போது இந்தக் கேள்வியில்தான் அதிக நேரம் நிற்கிறோம். அங்கே திரும்பத் திரும்ப எதிர்ப்படும் சில நம்பிக்கைகளை இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

நம்பிக்கை: சாதனம் இல்லையென்றால் டிரைவருக்கு வேலையே இல்லை.

2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசின் இலவச லேப்டாப் திட்டம் தொடங்கியது. அந்த லேப்டாப்களில் விண்டோஸோடு, சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. லேப்டாப்களைச் செய்த கம்பெனிகள் பல. உள்ளே இருந்த சிப்களும் பல. பாஸ் லினக்ஸ் மட்டும் ஒன்று. அப்படியானால் ஒவ்வொரு லேப்டாப்பிலும் இருந்த டிரைவர்களில் மிகப் பெரும்பாலானவை அந்த லேப்டாப்பில் இல்லவே இல்லாத சாதனங்களுக்கானவை.

யூஎஸ்பி, பிசிஐ சாதனங்கள் "நான் இன்னார்" என்று தாமே அறிவித்துக்கொள்ளும். அதைப் பார்த்துத்தான் கெர்னல் பொருத்தமான டிரைவரின் புரோப் என்ற பகுதியை ஓடவிடும். ஐ-ஸ்கொயர்-சி கம்பியில் தொங்கும் சென்சாரும் டச்பேடும் அப்படி வாய் திறப்பதில்லை. பலகையின் விவரப் பட்டியலில் எழுதியிருப்பதை நம்பித்தான் கெர்னல் டிரைவரை அழைக்கிறது. பட்டியலில் இருப்பது பலகையில் இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. இரண்டு கம்பெனி டச்பேடுகளில் அன்று கையில் கிடைத்ததைப் பொருத்திவிட்டு, பட்டியலில் இரண்டையும் எழுதி வைப்பது நடக்கிற காரியம். ஆகவே டிரைவர் முதலில் ஒரு குரல் கொடுத்துப் பார்க்க வேண்டும். பதில் வராவிட்டால் அதுவரை வாங்கியதையெல்லாம் திருப்பிக் கொடுத்துவிட்டு, 'ஈநோடெவ்' (அப்படிச் சாதனம் இல்லை) போன்ற பிழை எண்ணோடு வெளியேற வேண்டும். இதுவும் டிரைவரின் வேலைதான்.

நம்பிக்கை: இல்லாத சாதனத்தைப் படித்தால் பூஜ்யம் வரும்.

இங்கேதான் நல்ல நிரலாளர்களும் வழுக்கி விழுகிறார்கள். பிசிஐ வழியில் பதில் சொல்ல ஆள் இல்லாவிட்டால், கணினிக்குக் கிடைப்பது பெரும்பாலும் எல்லா பிட்டும் ஒன்றாக உள்ள எண். 16 பிட் என்றால் 65,535. அதனால்தான் அந்த எண்ணை எந்தக் கம்பெனிக்கும் அடையாள எண்ணாகக் கொடுப்பதில்லை. அது வந்தால் அந்த இடம் காலி.

இதன் விளைவை யோசித்துப் பாருங்கள். "தயார் என்ற பிட் ஒன்றாகும் வரை காத்திரு" என்று ஒரு டிரைவரில் எழுதியிருக்கிறது. சாதனத்தைப் பிடுங்கிவிட்டார்கள். எல்லா பிட்டும் ஒன்று, எனவே தயார் பிட்டும் ஒன்று! இல்லாத சாதனம் தயாராகிவிட்டது என்று நம்பி டிரைவர் அடுத்த வரிக்குப் போகிறது. இன்னொரு டிரைவர் "வேலையாக இருக்கிறேன் என்ற பிட் பூஜ்யமாகும் வரை காத்திரு" என்கிறது. அந்தப் பூஜ்யம் ஒருநாளும் வராது. தண்ணீர் இல்லாத மோட்டார் போல அந்தச் சுழல் ஓடிக்கொண்டே இருக்கும், கணினி உறைந்துபோகும்.

ஆகவே நிரலைப் பரிசீலிக்கும்போது, சாதனத்துக்காகக் காத்திருக்கும் ஒவ்வொரு சுழலிலும் விரலை வைத்துக் கேட்க வேண்டும்: இதற்குக் கால வரம்பு இருக்கிறதா? எல்லாம் ஒன்றாக வந்தால் இது என்ன செய்யும்? கூடவே ஓர் எச்சரிக்கை. சாதனத்தின் சில பதிவேடுகளில் (ரெஜிஸ்டர்) எல்லாம் ஒன்று என்பது முறையான மதிப்பாகவே இருக்கலாம். சந்தேகம் வந்தால், அப்படி ஒருபோதும் இருக்க முடியாத வேறொரு பதிவேட்டைப் படித்து உறுதி செய்துகொள்வதே சரி.

நம்பிக்கை: 'இல்லை' என்றால் இல்லை, அவ்வளவுதான்.

ஒரு வீட்டு வாசலில் நின்று ஒருவரை விசாரித்தால் "அப்படி யாரும் இங்க இல்லைங்க" என்பது ஒரு பதில். "இன்னும் வரலைங்க" வேறு பதில். "இப்பத்தான் கிளம்பினார்" இன்னொன்று. மூன்றையும் ஒன்றாக எடுத்துக்கொள்கிறவர் காரியம் முடித்துத் திரும்ப மாட்டார்.

கெர்னலிலும் இப்படித்தான். முதல் பதிலுக்கு ஈநோடெவ். இரண்டாவதற்கு 'ஈபுரோப்-டிஃபர்', அதாவது "எனக்கு மின்சாரம் தர வேண்டிய டிரைவரே இன்னும் எழவில்லை, பிறகு கூப்பிடு". இந்த ஏற்பாடு 2012-இல் வெளியான லினக்ஸ் 3.4-இல் வந்தது. பரிசீலனையில் நான் முதலில் தேடுவது இந்த இடத்தைத்தான். கட்டாயமில்லாத ஒரு ஜிபிஐஓ (பொதுப்பயன் உள்ளீடு-வெளியீடு) பின்னைக் கேட்கிறார்கள். எந்தப் பிழை வந்தாலும் "சரி, அது இல்லை போலிருக்கிறது" என்று எழுதிவிட்டு நகர்கிறார்கள். வந்த பிழை 'பிறகு கூப்பிடு' என்பதாக இருந்தால்? பின் இருந்தும் இல்லாததாகிவிடும். ஒருநாள் வேலை செய்யும், மறுநாள் செய்யாது. எந்த டிரைவர் முதலில் எழுகிறது என்பதைப் பொறுத்து மாறும் இந்தக் கோளாறைப் பிடிப்பது பெரும் பாடு.

பெயர்களும் ஏமாற்றும். ஜிபிஐஓ-விலும் கிளாக்கிலும் 'ஆப்ஷனல்' என்று முடியும் செயற்கூறு, பொருள் இல்லாவிட்டால் பிழை சொல்லாமல் வெறும் சுட்டியை (நல்) தரும். மின்னழுத்தத்தைச் சீராக்கும் ரெகுலேட்டரில் அதே பெயரில் முடிவது ஈநோடெவ் பிழையைத் தரும். 'ஆப்ஷனல்' சேராத சாதாரணச் செயற்கூறுதான் அங்கே ஒரு போலி ரெகுலேட்டரைக் கொடுத்துச் சமாளிக்கும். ஒன்றைப் பார்த்து இன்னொன்றை எழுதினால் தப்பு நிச்சயம்.

மூன்றாவது பதில், பாதியில் கிளம்பிப் போவது. சாதனக் கோப்பு திறந்திருக்கும்போதே யூஎஸ்பி வயரைப் பிடுங்கினால், கவனமில்லாமல் எழுதிய டிரைவர் தன் நினைவகத்தை விடுவித்துவிடும். திறந்த கோப்பு இன்னும் அந்த நினைவகத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும். இதோடு, இருப்பதாகச் சொல்லிக்கொண்டு பாதி உறுப்புகளோடு வரும் சாதனங்களும் உண்டு. 2017 நவம்பரில் பாதுகாப்பு ஆய்வாளர் ஆந்த்ரேய் கொனொவலோவ், சிஸ்காலர் என்ற கருவியால் தான் கண்டுபிடித்த 14 யூஎஸ்பி டிரைவர் குறைபாடுகளை வெளியிட்டார். வேண்டுமென்றே கோணலாகச் செய்த ஒரு யூஎஸ்பி சாதனத்தைச் செருகினாலே அவற்றைத் தூண்டிவிட முடிந்தது.

நம்பிக்கை: மாதக்கணக்கில் ஓட்டிப் பார்த்தாயிற்று, அதனால் சரியாகத்தான் இருக்கும்.

விஸ்கான்சின் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2009-இல் கார்பரைசர் என்ற கருவியால் லினக்ஸ் டிரைவர்களை அலசினார்கள். சாதனம் ஒழுங்காக நடந்துகொள்ளும் என்று டிரைவர் கண்மூடி நம்பிய இடங்கள் ஏறக்குறைய ஆயிரம் கிடைத்தன. எவ்வளவு பாரம் ஏற்றி ஓட்டினாலும் இவை எளிதில் வெளியே வராது என்பதையும் அவர்கள் சொன்னார்கள். சாதனம் பிசகினால்தானே அந்த வரிகள் ஓடும். அந்த வரிகளை யாராவது கண்ணால் படித்தாக வேண்டும்.

நம்பிக்கை: அதற்கெல்லாம் பெங்களூரு லேப் வேண்டும், சாதனமே கையில் இல்லாமல் நாம் என்ன பார்ப்பது?

மாணவர்கள் இதைத் தயங்கித் தயங்கிச் சொல்லும்போது எனக்கு மனம் கனக்கும். சாதனம் இல்லாதபோது ஓடும் நிரலைத்தானே பரிசீலிக்கப் போகிறோம்? அதைச் சோதிக்கத் தேவையான நிலை நம் எல்லோரிடமும் இருக்கிறது. செட்டிக்கரை அரசு பொறியியல் கல்லூரி விடுதியிலும் அரூரில் ஒரு வீட்டுத் திண்ணையிலும் ஒரு லட்ச ரூபாய் கேமரா சிப் இல்லை. அந்தச் சிப் இல்லாதபோது டிரைவர் எப்படி நடந்துகொள்ளும் என்று பார்க்க அதுவே போதும். கெர்னல் நிரல் இலவசம். கியூஇஎம்யூ என்ற மென்பொருளுக்குள் ஒரு கணினியை எழுப்பி, சாதனத்தைச் சேர்க்கலாம், ஓடும்போதே பிடுங்கலாம், எதுவும் எரியாது.

பதவியும் தேவையில்லை. ஒரு திருத்தத்தை முறையாகப் படித்துப் பார்த்தவர் யாராக இருந்தாலும் 'ரிவ்யூட்-பை' என்று தன் பெயரை அதில் சேர்க்கலாம் என்று கெர்னலின் சொந்த ஆவணமே சொல்கிறது. பெயர் போடுவதற்கு முன் உண்மையாகவே படித்திருக்க வேண்டும், அதுதான் முக்கிய நிபந்தனை.

தொடங்க ஓர் இடம் சொல்கிறேன். கெர்னல் நிரலின் டிரைவர்கள் அடைவில் 'ஹெச்டபிள்யூமான்' என்று ஒன்று இருக்கிறது. வெப்பநிலை, மின்னழுத்தம் அளக்கும் சிறு சிப்களின் டிரைவர்கள் அதில் உள்ளன. பல கோப்புகள் சில நூறு வரிகள்தான். ஒன்றைத் திறந்து புரோப் பகுதியைத் தேடுங்கள். பாதியில் வெளியேறும் ஒவ்வொரு 'ரிட்டர்ன்' வரியிலும் நிறுத்தி, அதற்கு மேல் எதையெல்லாம் வாங்கியிருக்கிறது, எதைத் திருப்பிக் கொடுத்தது, எதை மறந்தது என்று ஒரு தாளில் எழுதுங்கள். பேனாவும் தாளும் வேண்டும். சிப் வேண்டாம்.